பெரிய வண்டியில் டீசல் எங்கே போகிறது?

தை மாதக் கல்யாணம் ஒன்று. காரைக்குடியிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய ஊர். வீட்டு முகப்பிலிருந்து தெருமுனை வரை சென்னை, கோவை, பெங்களூர்ப் பதிவெண்களோடு ஆள் உயரத்துக்குப் பெரிய எஸ்யூவிகள் வரிசையாக நின்றன. திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சு மைலேஜுக்கு வந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், வாங்கிய வருடமும் ஒன்றுதான். ஒருவருக்கு லிட்டருக்கு 9 கிலோமீட்டர், இன்னொருவருக்கு 13. பங்க் சரியில்லை என்றார் ஒருவர். டயருக்கு நைட்ரஜன் அடித்துப் பாருங்கள் என்றார் மற்றொருவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கடைசியில், "ஆனையை வாங்கியாச்சு. தீனிக்குக் கணக்குப் பாத்தா முடியுமா தம்பி?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டல் எனக்கு உறுத்தியது. பெரிய வண்டி என்றால் டீசல் குடிக்கத்தான் செய்யும், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. சின்னக் காரைவிடப் பெரிய வண்டியில்தான் கொஞ்சம் கவனித்தாலும் அதிக லிட்டர் மிஞ்சும். ஏன் என்று புரிய இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு ஊஞ்சலும் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பும் போதும்.

## முதலில் ஒரு கணக்கு

நாம் மைலேஜை "லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தப் பழக்கமே கண்ணை ஏமாற்றுகிறது.

வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். சின்னக் கார் 16 கொடுக்கிறது. அதை 18 ஆக்கினால் 938 லிட்டர் பிடித்த இடத்தில் 833 பிடிக்கும். மிச்சம் சுமார் 105 லிட்டர். பெரிய வண்டி 8 கொடுக்கிறது. அதை 10 ஆக்கினால் 1,875 லிட்டர் 1,500 ஆகும். மிச்சம் 375 லிட்டர். இரண்டிலும் கூடியது அதே 2 கிலோமீட்டர்தான், மிச்சமோ மூன்றரை மடங்கு. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெரிய வண்டியில் வருடத்துக்கு 34,500 ரூபாய்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். ஐரோப்பாவில் கணக்கைத் திருப்பிப் போட்டு, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் 8 என்பது பன்னிரண்டரை லிட்டர், 10 என்பது 10 லிட்டர். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

ஆக, "பெரிய வண்டிதானே" என்பது கணக்குப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. கணக்குப் பார்க்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

## ஊஞ்சல் சொல்வது

பழைய வீடுகளில் தேக்குப் பலகை ஊஞ்சல் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் உட்கார்ந்ததும் அதை முதலில் ஆட்டிவிட எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது! ஆட ஆரம்பித்தபின் கால் பெருவிரலால் தரையைத் தொட்டுவிட்டால் போதும், அது பாட்டுக்கு ஆடும். யாராவது சங்கிலியைப் பிடித்து நிறுத்திவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தள்ள வேண்டும்.

நிற்கும் பொருள் நின்றுகொண்டும் ஓடும் பொருள் ஓடிக்கொண்டும் இருக்கப் பார்க்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். எடை கூடக் கூட நிலைமம் கூடும். பெரிய எஸ்யூவி ஒன்று ஆளோடு சேர்த்து 2,200 கிலோ இருக்கும். சின்னக் காரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர எவ்வளவு டீசல் வேண்டும்? டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் 50 மில்லி வருகிறது. அரை டீ கிளாஸ். வேகம் எடுத்தபின் அந்த அரை கிளாஸ் வீணாகவில்லை, வண்டியின் ஓட்டத்துக்குள் சேமிப்பாக இருக்கிறது. நீங்கள் பிரேக்கை மிதிக்கும்வரை.

பிரேக் அந்த ஓட்டத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. வேகமாக வந்து நிறுத்திய வண்டியின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டிப் பாருங்கள், அனல் அடிக்கும். தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். அந்த அனல்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

நம் பக்கத்துச் சாலைகளில் இது எப்படி நடக்கிறது என்று யோசியுங்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர், பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், வேகத்தடை. நடுவில் வெறும் பொட்டல், நேரான சாலை. ஆகவே எல்லோரும் என்ன செய்கிறோம்? வேகத்தடையைத் தாண்டியதும் ஒரே மிதி. 60, 70. அடுத்த தடை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரில் கால். பக்கத்தில் வந்ததும் பிரேக். 60-லிருந்து 10-க்கு இறக்கி மறுபடி 60-க்கு ஏற்ற கால் டீ கிளாஸுக்கு மேல் டீசல் ஆகிறது. பத்து தடை தாண்டினால் கால் லிட்டருக்கு மேல்.

செய்ய வேண்டியது வேகத்தடையை ஏறிப் பறப்பது அல்ல. அது தெரிந்தவுடனேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது. நம் சாலைகள் நேரானவை, அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே தடை தெரியும். வண்டி சேர்த்து வைத்த ஓட்டத்தைச் செலவழித்தே அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். பிரேக்குக்குக் கடைசியில் கொஞ்சம்தான் வேலை இருக்கும். நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். இதற்குக் காசு செலவில்லை, நேரமும் அதிகம் போகாது. பின்சீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்கு முதுகு வலியும் குறையும்.

தைப்பூச சமயத்தில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்களால் சாலை ஓரம் நிறைந்திருக்கும். அந்த நாட்களில் விட்டு விட்டு மிதிப்பது ஆபத்தும்கூட. ஒரே சீராக 30, 40-இல் உருட்டிக்கொண்டு போவதுதான் நடப்பவர்களுக்கும் நல்லது, டேங்குக்கும் நல்லது.

ஹைபிரிட் வண்டிகள் ஊருக்குள் நல்ல மைலேஜ் கொடுப்பதன் ரகசியமும் இதே ஊஞ்சல்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஓட்டத்தில் ஒரு பகுதியை அவை மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் போட்டுவைத்துக்கொள்கின்றன.

இதுவரை பார்த்தது: கனமான வண்டியை ஓடவைக்க ஒரு தடவை டீசல் கொடுக்கிறோம். ஒவ்வொரு பிரேக்கும் அதைத் தூக்கி எறிகிறது. குறைவாகப் பிரேக் பிடிக்கும்படி ஓட்டுவதுதான் பெரிய வண்டியில் முதல் சேமிப்பு.

## கப்பியில் தொங்கும் அரிசி மூட்டை

பிரேக்கே பிடிக்காமல் சமமான சாலையில் ஒரே வேகத்தில் போனாலும் டீசல் செலவாகிறது. ஊஞ்சலையும் விட்டுவிட்டால் நின்றுவிடும் அல்லவா? எது நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

கிணற்றுக் கப்பியில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, மறுமுனையை வண்டியின் பின்னால் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி போகிற தூரமெல்லாம் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். நம் 2,200 கிலோ வண்டிக்கு டயர் மட்டுமே கிட்டத்தட்ட இந்த ஒரு மூட்டை அளவுக்கு இழுக்கிறது.

ஏன் இழுக்கிறது? சாலையில் உராய்வதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் நசுங்கல். வண்டியின் கனத்தில் டயரின் அடிப்பகுதி தட்டையாகிறது. சக்கரம் சுழலச் சுழல ரப்பர் நசுங்கி விரிந்து, நசுங்கி விரிந்து சூடாகிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. இந்த இழப்புக்குத்தான் உருளல் எதிர்ப்பு என்று பெயர். காற்று இறங்கிய சைக்கிளை மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தொடை சொல்லிவிடும்.

காற்று குறைந்தால் நசுங்கல் கூடும். நாலு டயரிலும் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ (பங்கில் காற்று அடிக்கும்போது சொல்லும் எண்) குறைந்தால் சுமார் 2 சதவீதம் டீசல் கூடும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அதே குறைவு டயரின் ஓரத்தைத் தின்னும், நெடுஞ்சாலையில் டயரைச் சூடாக்கி வெடிக்கவும் வைக்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதையும் பெரும்பாலும் அதிலேயே போட்டிருப்பார்கள்.

ஒரு விஷயம் இங்கே பலர் தவறவிடுவது. ஸ்டிக்கரில் உள்ள எண் டயர் ஆறியிருக்கும்போதுள்ள எண். சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து வந்து இறங்கிய கையோடு அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். "ஓவரா இருக்கே" என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். காலையில், வண்டி எடுத்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அளப்பதுதான் சரி.

அழகுக்காகப் போடும் முரட்டுப் பட்டை டயர்களையும் சொல்லியாக வேண்டும். ஆழமான பட்டன் வைத்த டயர் கனமானது, அதிகம் நசுங்குவது. நம் செம்மண் தடங்களுக்குச் சாதாரண டயரே தாங்கும். செம்மண் தடம் மழையில் ஊறி இருந்தால் எந்த டயரானாலும் இழுவை பல மடங்கு ஏறத்தான் செய்யும்.

## ஆடிக்காற்றில் கதவைத் தூக்கிப் போவது

இரண்டாவது மூட்டை காற்று.

ஆடி மாதக் காற்றில் விரித்த குடையோடு எதிர்த்து நடந்தால் தெரியும், காற்றுக்கும் கனம் உண்டு என்று. வண்டி போகும்போது காற்று அசையாமல் நின்றாலும் வண்டிக்கு அது எதிர்க்காற்றுதான். முன்னால் இருக்கும் காற்றை ஒதுக்கித் தள்ளவும், பின்னால் உண்டாகும் சுழலை இழுத்துக்கொண்டு போகவும் ஆகும் செலவைக் காற்றுத் தடை என்கிறார்கள். பெரிய எஸ்யூவியின் முன்பக்கம் கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். செட்டிநாட்டு வீட்டு முகப்புக் கதவு ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காற்றுக்குள் ஓடுவது போலத்தான்.

காற்றுத் தடைக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்காகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பார்கள். நம் வண்டிக்கு மூட்டைக் கணக்கில் சொன்னால், 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இழுவை ஏறக்குறைய ஒரு மூட்டை. டயர் ஒன்று, காற்று ஒன்று, ஆக இரண்டு. 100-இல் காற்று மட்டும் இரண்டு, மொத்தம் மூன்று. 120-இல் காற்று மூன்று, மொத்தம் நாலு. டயரின் இழுவை வேகத்தோடு அவ்வளவாக மாறுவதில்லை. காற்றுதான் ஏறிக்கொண்டே போகிறது.

எஞ்சினின் சொந்தச் செலவும் ஏசியும் நடுவில் இருப்பதால் டீசல் இதே விகிதத்தில் அப்படியே ஏறாது. ஆனாலும் 80-இல் போகும்போதும் 100-இல் போகும்போதும் டேங்க் முள் இறங்கும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். முழுத் தூரமும் 100-இல் போனால் 54 நிமிடம், 80-இல் போனால் 67 அல்லது 68 நிமிடம். கணக்கில் 13 நிமிடம். நடுவில் ஊர்கள் வருவதால் உண்மையில் அவ்வளவுகூட மிஞ்சாது.

கூரைக் கேரியர் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். தங்கை கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் ஏற்ற ஒரு கேரியர் மாட்டினேன். கல்யாணம் தையில் முடிந்தது. கேரியர் ஆவணி வரைக்கும் மேலேயே இருந்தது. நடுவில் மைலேஜ் இறங்கியதைக் கவனித்து ஒரு பட்டறையில் விட்டு இஞ்செக்டர் சுத்தம் செய்தேன், காற்று ஃபில்டர் மாற்றினேன். எண் அசையவில்லை. பிறகு வேறு வேலையாகக் கேரியரைக் கழற்றினேன். அடுத்த சென்னைப் பயணத்தில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியிருந்தது. வெறும் கேரியர்தான், அதில் ஒரு அண்டாகூட இல்லை. கம்பிகளுக்கு நடுவே காற்று மோதிக் கலங்குவதே செலவு. மேலே மூட்டையும் கட்டித் தார்ப்பாய் போர்த்தினால் இன்னும் மோசம்.

எடையைப் பற்றிப் பலர் அதிகம் கவலைப்படுகிறார்கள். பெரிய வண்டியில் 50 கிலோ கூடினால் டீசல் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் ஏறும். ஆத்தங்குடிக் கல் மாதிரிக்கு நாலு பெட்டி டிக்கியில் கிடந்தால் இறக்கிவிடுங்கள், ஆனால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். சாமான் வண்டிக்குள்ளே இருக்கலாம். கூரைமேல் இருக்கக் கூடாது.

மீண்டும் சுருக்கமாக: சீரான ஓட்டத்தில் டயரும் காற்றும்தான் இழுப்பவை. 70-க்குக் கீழே டயரின் பங்கு பெரிது, அதற்குமேல் காற்று. டயருக்கு மருந்து காலையில் அளந்த காற்று. காற்றுக்கு மருந்து கொஞ்சம் குறைந்த வேகமும் காலியான கூரையும்.

## கோட்டை அடுப்பில் ஒரு டம்ளர் பால்

மூன்றாவது செலவு எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

கல்யாண வீட்டில் பின்கட்டில் நீளமாகப் பள்ளம் தோண்டிக் கோட்டை அடுப்பு போடுவார்கள். 500 பேருக்குச் சாம்பார் கொதிக்கும்போது அந்த அடுப்பு விறகை வீணாக்குவதில்லை. பந்தி எல்லாம் முடிந்தபின், குழந்தைக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்ச அதே அடுப்பை எரியவிட்டால்? பாலுக்குப் போகும் சூடு கொஞ்சம், சும்மா போவது மலையளவு.

பெரிய எஞ்சினும் இப்படித்தான். அதற்குள் இருக்கும் பிஸ்டன்களையும் பம்புகளையும் அசைத்துக்கொண்டிருக்கவே ஒரு நிலையான செலவு உண்டு. வண்டியை இழுக்கும் வேலை அதிகம் இருக்கும்போது அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. வேலையே இல்லாதபோது அதுதான் முழுச் செலவு. வண்டி நின்றுகொண்டு எஞ்சின் மட்டும் ஓடுவதை ஐடிலிங் என்கிறோம். ஏசியோடு ஐடிலிங்கில் நிற்கும் பெரிய டீசல் வண்டி மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். பிள்ளையார்பட்டி வாசலில் குடும்பம் தரிசனம் முடித்து வரும்வரை ஓட்டுநர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தின் மைலேஜ் பூஜ்யம்.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை ஆர்பிஎம் முள் காட்டும். சுழற்சி கூடினால் உள் உராய்வும் கூடும். அதனால்தான் ஒரே வேகத்தை மூன்றாம் கியரில் ஓட்டுவதைவிட ஐந்தில் ஓட்டினால் டீசல் குறைகிறது. இந்தக் காலத்துப் பெரிய டீசல் எஞ்சின்களுக்கு 1,500-லிருந்து 2,000 வரை வசதியான இடம். அதற்கும் கீழே இறக்கி வண்டி உதறும்படி இழுக்கக் கூடாது, அது எஞ்சினுக்கு வதை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை நாம் தொடுவதில்லை. ஆனால் காலை மெதுவாக அழுத்தினால் அதுவே சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும்.

இப்போது எல்லா ஊரிலும் இருக்கும் ஒரு தவறான பழக்கம். சரிவிலோ, தடைக்கு முன்போ வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டுவது. பழைய அம்பாசிடர் காலத்தில் அப்பாக்கள் கற்றுக்கொடுத்தது. இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. ஒரு சொட்டுக்கூட எரிவதில்லை. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் ஊற்றியே ஆக வேண்டும். நியூட்ரலில் வண்டி கொஞ்சம் அதிக தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் எப்படியும் வேகம் குறைய வேண்டிய இடத்தில் அந்தக் கூடுதல் தூரத்தால் பயனில்லை. சரிவில் எஞ்சினின் பிடிமானம் இல்லாமல் இரண்டு டன்னுக்கு மேல் எடையை வெறும் பிரேக்கை நம்பி இறக்குவது ஆபத்து. நான் இதை ஒருபோதும் செய்வதில்லை, யாரையும் செய்ய விடுவதுமில்லை.

## ஏசி

ஏசியின் கம்ப்ரசரை எஞ்சின்தான் சுழற்றுகிறது. நெடுஞ்சாலையில் மொத்தச் செலவில் அதன் பங்கு சின்னது. ஊருக்குள் ஊர்ந்து போகும்போது பெரியது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் ஏசியை முழுதாக முடுக்காமல், இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேற்றினால் அதன் பாரம் நன்றாகக் குறையும். ஊரணிக் கரையில் ஒரு வேப்பமர நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. 80-இல் போகும்போது கண்ணாடியை இறக்கிவைத்தால் காற்றுத் தடை கூடும். அங்கே ஏசியை அணைப்பதால் பெரிய மிச்சம் இருக்காது.

## புகைக்கூண்டுச் சுத்தம்

2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்த பிறகு விற்ற பெரிய டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. புகையோடு வரும் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெட்டி. அது நிறைந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசலை எரித்துச் சூடேற்றி அந்தக் கரியைப் பொசுக்குகிறது. விறகடுப்பின் புகைக்கூண்டை அவ்வப்போது சுத்தம் செய்வது போல.

இதற்குத் தொடர்ச்சியாகக் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தினமும் கடைத்தெருவுக்கும் வங்கிக்கும் இரண்டிரண்டு கிலோமீட்டராக மட்டும் ஓடினால் சுத்தம் பாதியில் நின்று, மறுநாள் திரும்ப ஆரம்பித்து, அதற்கும் பாதியில் நின்று, டீசல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். காரணம் தெரியாமல் பலர் எஞ்சினைக் குறை சொல்கிறார்கள். ஊருக்குள் அலைய ஸ்கூட்டர் எடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பெரிய வண்டியை மதுரைச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

## திண்ணைப் பேச்சில் வரும் மற்றவை

நைட்ரஜன்: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜன் டயரிலிருந்து கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. மாதம் இருமுறை சாதாரணக் காற்றை அளந்து பிடிப்பவருக்கு அது தேவையில்லை.

விடியற்காலையில் குளிர்ந்திருக்கும்போது நிரப்பினால் அதிகம் கிடைக்கும் என்பார்கள். பங்கின் தொட்டி தரைக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை.

காற்று ஃபில்டரில் செம்மண் தூசி ஏறினால் மைலேஜ் பாதியாகும் என்பதும் கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எஞ்சின்கள் வரும் காற்றுக்கு ஏற்ப எரிபொருளை அளந்து விடுகின்றன. அடைத்த ஃபில்டரால் முதலில் குறைவது எஞ்சினின் இழுக்கும் பலம். எஞ்சினின் ஆயுளுக்காக அதை நேரத்துக்கு மாற்றத்தான் வேண்டும், அது வேறு காரணம்.

பெட்ரோல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குச் சக்தி சுத்தப் பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறைவு. எண் கொஞ்சம் இறங்கியிருந்தால் அது ஓட்டுபவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை.

## அளந்தால்தான் தெரியும்

வண்டி வாங்கும்போது சொல்லும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் சுமார் 20 நிமிடம் ஓட்டிப் பார்த்தது. ஏசி கிடையாது, அதிகபட்ச வேகம் 90. இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். காரைக்குடித் தெருவில் அதை எதிர்பார்க்க முடியாது. வண்டித் திரையில் தெரியும் எண்ணும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

நம்பக்கூடிய வழி பழைய வழிதான். பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள், மூன்று தடவையின் சராசரியைப் பாருங்கள். ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது மற்றதை மாற்றாதீர்கள். டயர் காற்றையும் கேரியரையும் ஒரே நாளில் சரிசெய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அந்தக் கல்யாண வீட்டில் 9 என்று சொன்ன அண்ணனின் வண்டியை மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் போய்ப் பார்த்தோம். கதவுத் தூண் ஸ்டிக்கரில் 33 என்று இருந்தது. மானி 26, 27, 24, 26 காட்டியது. கூரையில் கேரியர். டயர் நாலும் பட்டன் வைத்தவை. பக்கத்தில் நின்ற 13 கொடுக்கும் வண்டியில் கேரியரும் இல்லை, முரட்டு டயரும் இல்லை, காற்று நாலிலும் 33.

அவரிடமும் ஒவ்வொன்றாகத்தான் செய்யச் சொன்னேன். அன்றைக்குக் காற்றை மட்டும் சரிசெய்து, ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டு பெட்டியில் வைத்தார். மூன்று தடவை நிரப்பியபின் 9.3 என்று எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பிறகு கேரியரைக் கழற்றினார், 10.1. தடைக்கு முன்னாலேயே காலை எடுக்கும் பழக்கம் அவருடைய ஓட்டுநருக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. போன வாரம் வந்த பக்கத்தில் 11.2 இருந்தது. முரட்டு டயர் இன்னும் மாற்றவில்லை. தேய்ந்து முடிந்ததும் சாதாரண டயர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.